வேகமான பழைய காரைத் தினசரி வண்டியாக வாங்குவது: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்களுக்கு

தினமும் ஓசூர் சிப்காட்டுக்குப் போய்வர ஒரு கார் வேண்டும். அது கொஞ்சம் பிக்கப் உள்ள காராக இருந்தால் இன்னும் நல்லது. கையில் இருக்கும் பணமோ புதுக் காருக்கு எட்டாது. இப்படித் தேடுகிறவர்கள் எல்லாரும் முதலில் பார்ப்பது குதிரைத்திறனை. முதலில் பார்க்க வேண்டியது வேறு. வண்டி செவ்வாய்க்கிழமை காலையில் நின்றுபோனால், அதற்குரிய ஸ்பேர் புதன்கிழமை சாயங்காலத்துக்குள் கிருஷ்ணகிரிக்கோ தருமபுரிக்கோ வந்து சேருமா? சேரும் என்றால் அது தினசரி வண்டி. சேராது என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஞாயிற்றுக்கிழமை வண்டிதான்.

இந்த விஷயத்தில் நம் பக்கம் கொடுத்துவைத்த இடம். பழைய, புதிய உதிரிபாகங்களுக்குப் பேர்போன பெங்களூரு ஜே.சி. ரோடு கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். தருமபுரியிலிருந்து சேலம் சுமார் 65 கிலோமீட்டர். ஆகவே காரைப் பார்க்கப் போவதற்கு முன்பே இரண்டு ஸ்பேர் கடைக்குப் போன் போட்டு, அந்த மாடலுக்கும் வருடத்துக்கும் ஐந்து பொருளைக் கேளுங்கள்: கிளட்ச் செட், டைமிங் பெல்ட் கிட் (செயின் எஞ்சினாக இருந்தால் செயின் கிட்), லோயர் ஆர்ம், ரேடியேட்டர், முன் கண்ணாடி. ஐந்துக்கும் "இருக்கு, நாளைக்குப் போட்டு விடறேன்" என்று பதில் வந்தால் அந்த மாடலைத் தொடலாம். மூன்றுக்கு "பார்த்துச் சொல்றேன்" என்று வந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். முன் கண்ணாடியைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் கிரானைட் லாரி. ஜல்லி தெறித்துக் கண்ணாடி விரிவது இங்கே எப்போதோ நடக்கும் விபத்தல்ல, வழக்கமான செலவு.

எந்தக் கார்

தினசரி ஓட்டத்துக்கு முதலிடம் பழைய ஸ்விஃப்ட் 1.3 பெட்ரோலுக்கு. 2005 முதல் 2010 வரை வந்த ஜி13பிபி எஞ்சின், 87 குதிரைத்திறன். எண்ணைக் கேட்டால் சாதாரணம். வண்டி எடை ஒரு டன்னை ஒட்டி இருப்பதால் சாலையில் சாதாரணமாகத் தெரியாது. எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்ப்பார். இது பெல்ட் எஞ்சின். டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றியது என்று பில் இல்லாவிட்டால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தனி டிக்கி உள்ள செடான் வேண்டும் என்றால் 2008 கடைசியிலிருந்து 2013 வரை வந்த ஹோண்டா சிட்டி. 1.5 லிட்டர் ஐ-விடெக், 118 குதிரைத்திறன், செயின் எஞ்சின். 4,500 ஆர்பிஎம்முக்கு மேல்தான் அதன் குணம் தெரியும். டாப்பெட் (வால்வைத் திறக்கும் பாகம்) இடைவெளியை ஏறக்குறைய 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பலர் அதைச் செய்வதே இல்லை. அதற்கும் முந்தைய, 2003-ல் நின்றுபோன சிட்டி 1.5 விடெக் 106 குதிரைத்திறன் கொண்ட அருமையான எஞ்சின்தான். ஆனால் இன்று அதற்கு 20 வயதுக்கு மேல். எஞ்சின் ஓடும், சுற்றியிருக்கும் ரப்பரும் வயரிங்கும்தான் ஓடவிடாது.

சிவிக் 1.8 ஓட்ட இனிமை, 132 குதிரைத்திறன். ஊருக்குள் இருக்கும் வேகத்தடைகளுக்கு அடிவயிறு தட்டும். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ராயக்கோட்டைச் சாலையில் ஒருமுறை போய்ப் பார்த்தால் புரியும். இருக்கை தாழ்வு என்பதால் மூட்டுவலி உள்ள பெரியவர்கள் ஏறி இறங்கச் சிரமப்படுவார்கள். வீட்டில் அம்மா, அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் வண்டியும் இதுவே என்றால், வாங்கும் முன் அவர்களை ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லுங்கள்.

ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 எஸ் வளைவில் வைத்த இடத்தில் நிற்கும், ஹைட்ராலிக் ஸ்டியரிங் கையோடு பேசும். 101 குதிரைத்திறன், பெல்ட் எஞ்சின். இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு 2021-ல் அறிவித்துவிட்டது. ஓடுகிற சாமான்கள் கிடைக்கும். பம்பர், ஹெட்லைட், உள் பிளாஸ்டிக் போன்றவற்றுக்கு அலைய வேண்டிவரும். ஃபியட் லினியா டி-ஜெட் இன்னும் ஒரு படி மேல்: 1.4 டர்போ, 114 குதிரைத்திறன், 207 நியூட்டன் மீட்டர் டார்க். கம்பெனி இந்தியாவில் கடையைக் கட்டிவிட்டது. 1.3 மல்டிஜெட் டீசல் ஃபியட்டுக்கு மாருதி, டாடா பாகங்கள் கைகொடுக்கும். டி-ஜெட்டுக்கு அந்த வசதி கிடையாது. இரண்டாவது வண்டி ஒன்று வீட்டில் நிற்கிறவர்கள் மட்டும் தொடலாம்.

போலோ ஜிடி டிஎஸ்ஐ பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். 2013-ல் வந்த 1.2 டர்போ, 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர், 7 கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்). எஞ்சின் நல்லது, பாடி கெட்டி. வில்லங்கம் கியர்பாக்ஸில். அதில் இருப்பது எண்ணெயில் நனையாத இரட்டை உலர் கிளட்ச். ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது அது சூடாகித் தேயும். கியரை இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட் போனால் வரும் பில் காரின் விலையில் பெரிய பங்கைத் தின்றுவிடும். ஓசூரில் எந்த லேத்தில் கொடுத்தாலும் புஷ் கடைந்து தருவார்கள், டிஸ்க் தேய்த்துத் தருவார்கள். மெக்கட்ரானிக்கைக் கடைய முடியாது. ஆகவே அதை மாற்றியதற்குக் கம்பெனி பில் உள்ள வண்டியைத் தேடுங்கள், இல்லையென்றால் அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். 2020-ல் வந்த 1.0 டிஎஸ்ஐ வண்டியில் இந்த டிஎஸ்ஜி கிடையாது. அதில் 6 கியர் மேனுவலும் சாதாரண டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கும்தான். பட்ஜெட் எட்டினால் அதுதான் புத்திசாலித்தனம்.

அதிகம் பேசப்படாத ஒன்று பலேனோ ஆர்எஸ். 2017-ல் வந்து 2020-ல் நின்றது. 1 லிட்டர் டர்போ, 102 குதிரைத்திறன், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். எஞ்சின் பாகமும் பின் டிஸ்க் பிரேக்கும் போக மற்றது பெரும்பாலும் சாதாரண பலேனோ சாமான். டாடாவும் கோயம்புத்தூர் ஜெயம் நிறுவனமும் சேர்ந்து 2018-ல் விட்ட டியாகோ ஜேடிபி 114 குதிரைத்திறன். எண்ணிக்கையில் குறைவு, கிடைத்தால் பார்க்கலாம். ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 1.8 டர்போ மேல் ஆசை உள்ளவர்களுக்குச் சொல்லிப் பயனில்லை. அவர்கள் எப்படியும் வாங்குவார்கள்.

கேஏ நம்பர், டிஎன் நம்பர்

பெங்களூரு பக்கத்தில் இருப்பதால் கேஏ நம்பர் வண்டிகள்தான் அதிகம் கண்ணில் படும். விலையும் குறைவாகத் தெரியும். குறைவாகத் தெரிவதற்குக் காரணம், தமிழ்நாட்டு ஆயுள் வரி அதில் சேரவில்லை. வண்டியின் வயதை வைத்து அந்த வரியை ஆர்டிஓ அலுவலகத்தில் கணக்குப் போட்டுக் கேட்டுக்கொண்டு, பிறகு இரண்டு விலையையும் ஒப்பிடுங்கள். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்து ஓட்டும் வண்டிக்கு அந்த மாநிலத்து எண் வாங்கியே ஆக வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். "கேஏ நம்பரிலேயே ஓட்டிக்கலாம் சார்" என்ற கன்சல்டிங்காரர் பேச்சு சோதனைச் சாவடியில் செல்லாது.

வரிசை இது. லோன் இருந்திருந்தால் பேங்க் கடிதமும் படிவம் 35-ம் கொடுத்து ஆர்சியிலிருந்து அடமானத்தை நீக்க வேண்டும். பிறகு, வண்டி பதிவான கர்நாடக ஆர்டிஓவில் படிவம் 28 கொடுத்து என்ஓசி (தடையில்லாச் சான்று). உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இங்கே வந்து புது எண்ணுக்குப் படிவம் 27. கிருஷ்ணகிரிக்கு டிஎன் 24, தருமபுரிக்கு 29, ஓசூருக்கு 70. புது எண் வந்தபின் கர்நாடகத்தில் கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கான தொகையைத் திரும்பக் கேட்கலாம். அலைச்சல் உண்டு, பணம் வரும். அடமானம் நீங்காத, என்ஓசி கையில் இல்லாத வண்டிக்கு டோக்கன் அட்வான்ஸுக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

ஆர்சியில் தேதியைப் பாருங்கள். தனியார் காருக்குப் பதிவு 15 வருடம். 2010 வண்டி என்றால் 2025-லேயே முடிந்திருக்கும். புதுப்பித்தால் ஐந்து வருடம் கிடைக்கும். 2022 ஏப்ரலிலிருந்து அதற்கான கட்டணம் 5,000 ரூபாய். 20 வயது தாண்டிய காருக்கு 2025-ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்சியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். நிலுவை அபராதம் இருக்கிறதா என்பதைப் பரிவாஹன் தளத்தில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

குளிர்ந்த எஞ்சினும் போர் தண்ணீரும்

வண்டியைப் பார்க்கக் காலை ஏழு மணிக்குப் போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முந்தைய நாளே சொல்லிவையுங்கள். போனதும் பானட் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஏதோ ஒன்று காட்டிக்கொடுக்கும் என்று விற்கிறவருக்குத் தெரியும் என்று அர்த்தம்.

முதலில் ரேடியேட்டர் மூடி. எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் திறக்க வேண்டும். நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீர் ஃப்ளோரைடுக்கும் உப்புக்கும் பேர்போனது. குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் வந்துவிட்டது, ரேடியேட்டருக்கு இன்னும் பல இடத்தில் போர் தண்ணீர்தான். அதை ஊற்றி ஊற்றி ஓட்டிய வண்டியில் மூடியின் அடியிலும் வாயிலும் வெள்ளையாகப் படிவு உட்கார்ந்திருக்கும். உள்ளே நீர் பச்சை, சிவப்பு, நீலம் என்று கம்பெனி கலரில் இல்லாமல் டீத் தண்ணீர் போல இருந்தால் துரு. படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கிறது, வாட்டர் பம்ப்பைத் தின்கிறது. சாதாரண காராவது தாங்கும். டர்போ எஞ்சினும், மேல் ஆர்பிஎம்மில் ஓடும் எஞ்சினும் கூடுதல் சூட்டை வெளியேற்ற வேண்டியவை. மே மாதத்தில் ஹெட் கேஸ்கெட் போவது இப்படித்தான்.

மூடி திறந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லி நீரைக் கவனியுங்கள். தொடக்கத்தில் சில குமிழ் வரும், நின்றுவிடும். நிற்காமல் தொடர்ந்து குமிழ் வந்தால், எரியும் வாயு நீருக்குள் வருகிறது, கேஸ்கெட் போயிருக்கிறது. ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போலப் பழுப்பு நுரை இருந்தாலும் இதே சந்தேகம்தான். மழைக்காலத்தில் குறைந்த தூரமே ஓடும் வண்டியில் லேசாக நுரை வருவது உண்டு, அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஸ்டார்ட் ஆன கணத்தில் சைலன்ஸரில் ஒரு கொத்து நீலப் புகை வந்து மறைந்தால் வால்வு சீல் தேய்வு. ஆக்சிலேட்டர் கொடுக்கும்போதெல்லாம் நீலம் வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது டர்போ சீல். முதலாவது விலை குறைக்கக் காரணம், இரண்டாவது கிளம்பிவிடக் காரணம். செயின் எஞ்சினில் ஸ்டார்ட் ஆனதும் முன்பக்கம் இரண்டு, மூன்று வினாடிக்கு மேல் கடகட சத்தம் வந்தால் செயின் தளர்ந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் கம்ப்ரெஷன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டருக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. மல்டிமீட்டர் இருந்தால் பேட்டரியில் வையுங்கள்: நிற்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது 13.8 முதல் 14.4.

2013-க்குப் பிந்தைய வண்டியில் ஓபிடி ஸ்கேனர் (எஞ்சின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த எர்ரரைப் படிக்கும் கருவி) சொருகலாம். எர்ரர் எதுவும் இல்லை என்று வந்தவுடன் சந்தோஷப்பட வேண்டாம். ஸ்கேனரின் ரெடினஸ் பகுதியில், வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் பல சோதனைகள் முடியாமல் நிற்கிறது என்று காட்டினால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்னால் யாரோ எர்ரரை அழித்திருக்கிறார்கள்.

இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) பற்றி ஒரு வார்த்தை. பழைய கார்களின் எரிபொருள் ரப்பர் குழாயும் ஓ-ரிங்கும் இத்தனை எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. பானட்டுக்குள் தலையை விட்டு மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் வந்தால், ரப்பர் வெடித்திருந்தால், மாற்றாமல் ஓட்டக் கூடாது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியை விட தினமும் ஓடும் வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு.

விபத்து, வெள்ளம், வெட்டிய ஸ்பிரிங்

வேகமான காரை வேகமாகத்தான் ஓட்டியிருப்பார்கள். எங்கேயாவது இடித்திருப்பார்கள். பம்பர் மாற்றியது குற்றமில்லை. பானட்டைத் திறந்து முன் ஏப்ரானும் (சக்கரத்தின் மேலுள்ள உள் தகடு), இருபுறமும் ஓடும் லாங் மெம்பரும் (நீளச் சட்டம்) நேராக, கம்பெனி ஸ்பாட் வெல்டிங்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஃபெண்டர் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடம், ஸ்டெப்னிக்கு அடியில் சுருங்கிய தகடு, இதெல்லாம் பேசும். பெயிண்ட் மீட்டர் கிடைத்தால் கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 90 முதல் 140 மைக்ரான் காட்டும். 500-ஐத் தாண்டினால் அடியில் பட்டி.

2015 சென்னை வெள்ளம், 2022 பெங்களூரு வெள்ளம் இரண்டிலும் மூழ்கிய கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு எங்கெங்கோ போயின. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கோடு அங்கேதான் ஒளிந்திருக்கும். சீட் அடியிலுள்ள தண்டவாளத்தில் துரு, கார்பெட் அடியில் மக்கிய வாசம் இருந்தால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

மாற்றம் செய்த வண்டியை விட ஒரிஜினலாக நிற்கும் வண்டியே மேல். தாழ்வாகத் தெரிவதற்காக ஸ்பிரிங்கை வெட்டியிருந்தால் ஷாக்கும் புஷ்ஷும் சேர்ந்து போயிருக்கும். ரீமேப் செய்த (கூடுதல் பவருக்காக எஞ்சின் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றிய) டர்போவில் கிளட்ச் ஆயுள் குறையும். ஒரிஜினல் சைலன்ஸரும் ஒரிஜினல் ஸ்பிரிங்கும் கையோடு வந்தால் மட்டும் யோசிக்கலாம். டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. ஆறு வயது தாண்டிய டயரில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் ரப்பர் கல்லாகியிருக்கும்.

ஓட்டிப் பார்க்கும் பாதை

ஊரைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. முக்கால் மணி நேரம் வேண்டும், பெட்ரோலை நீங்களே போடுங்கள். முதலில் பள்ளமும் மேடுமான கிராமச் சாலை, 20, 30 வேகத்தில், கண்ணாடியை இறக்கி, பாட்டை அணைத்து. முன்னாலிருந்து டொக் டொக் என்றால் லிங்க் ராடு அல்லது பால் ஜாயிண்ட், விலை குறைந்த வேலை. ஸ்டியரிங்கோடு சேர்ந்து கடகட என்றால் ரேக், விலை கூடிய வேலை. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெல்ல நகரும்போது டக் டக் என்றால் ஆக்ஸில் ஜாயிண்ட்.

பிறகு நான்குவழிச் சாலை. நாலாவது கியரில் 50-ல் போகும்போது ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் துள்ளி ஏறி, வேகம் அதோடு ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது. 80-ல் ஊவென்ற முழக்கம் வளைவில் கூடிக் குறைந்தால் வீல் பேரிங். பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் கோணியிருக்கிறது.

ஏற்றத்துக்குத் தொப்பூரை விட நல்ல பரிசோதனை இல்லை. சேலம் பக்கமிருந்து தருமபுரி நோக்கி ஏசி போட்டு ஏறுங்கள், டெம்பரேச்சர் முள் நடுவை விட்டு அசையக் கூடாது. மேலே வந்து நிறுத்தி, ஏசியோடு பத்து நிமிடம் ஐடிலில் விடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் ஓடி நிற்க வேண்டும், முள் ஏறக் கூடாது. இறங்கும் பக்கம் பிரேக்கைச் சோதிக்கும் இடமல்ல. இரட்டைப் பாலம் அருகே எத்தனை லாரி பிரேக் பிடிக்காமல் போயிருக்கிறது என்பது ஊரறிந்தது. அங்கே மூன்றாவது கியரில் அமைதியாக இறங்குங்கள்.

டிஎஸ்ஜி வண்டியாக இருந்தால் அரை மணி ஓடிச் சூடான பிறகே தீர்ப்பு. ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உதறல், மேட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது நடுக்கம், கியர் பலகையில் ஒளி மின்னுவது, மூன்றில் எது இருந்தாலும் மேலே சொன்ன பில்தான்.

கடைசியாக, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கின் பிட்டில் ஏற்றி அடியில் பாருங்கள். விற்கிறவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். வண்டி வேண்டாம் என்று அவர் சொன்னாலும் அவருக்குரிய கூலியைக் கொடுத்துவிடுங்கள், அடுத்த வண்டிக்கும் அவரைத்தான் கூப்பிடப் போகிறீர்கள்.

முதல் மாத வேலை

மொத்தப் பணத்தில் நாலில் ஒரு பங்கை ஒதுக்கிவைத்துக்கொண்டு மீதிக்குத்தான் கார் தேட வேண்டும். நாலு லட்சம் இருக்கிறது என்றால் மூன்று லட்சத்து வண்டி. அந்த ஒரு லட்சத்தைச் செலவழிக்கும் வரிசை முக்கியம். முதலில் நிற்க வைப்பது: டயர், பிரேக் பேட், ஒரு லிட்டர் டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றிப் பழையதை முழுதாக வெளியேற்றுவது. அடுத்து சூடு: ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவி, தெர்மோஸ்டாட்டும் மூடியும் ஹோஸும் புதிது, கம்பெனி கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் சரிபாதி. பெரும்பாலான இந்த வண்டிகளுக்குக் கலவை 5 லிட்டர் சுற்றிப் பிடிக்கும். டிஸ்டில்ட் வாட்டர் பேட்டரிக் கடையில் கிடைக்கும். ஒரு கேன் டிக்கியில் எப்போதும் இருக்கட்டும், வழியில் குறைந்தால் டீக்கடைத் தண்ணீரைத் தேட வேண்டியதில்லை.

மூன்றாவது பெல்ட். டைமிங் பெல்ட்டை மட்டும் மாற்றினால் அரை வேலை. டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் எல்லாம் ஒரே கூலியில் முடிய வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் பம்ப் ஒழுகி அதே கூலியைத் திரும்பக் கொடுப்பீர்கள். பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து வளையும். பிறகு எஞ்சின் ஆயில், ஃபில்டர், பிளக், ஏர் ஃபில்டர், ஃப்யூவல் ஃபில்டர், கியர் ஆயில். டர்போ வண்டிக்கு மேனுவலில் சொன்ன தர எண்ணுள்ள முழு சிந்தெடிக்கை 7,500 கிலோமீட்டரில் மாற்றுங்கள், 10,000 வரை இழுக்க வேண்டாம்; நெடுஞ்சாலையிலிருந்து வந்து நிறுத்தினால் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். புஷ், ஷாக் நான்காவது. அலாய், ஸ்பீக்கர், ஸ்பாய்லர் எல்லாம் ஒதுக்கியதில் மீதி இருந்தால்.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழையவரின் நோ க்ளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. ஃபாஸ்டேக்கைப் பழையவர் மூடிவிட்டாரா என்று கேட்டு உங்கள் பெயரில் புதிதாக ஒட்டுங்கள். மூடாவிட்டால் கிருஷ்ணகிரி டோலில் நீங்கள் போகும்போதெல்லாம் அவர் கணக்கில் பணம் போகும், ஒரு வாரத்தில் போன் வரும்.